மவுத் ஓர்கனும் எச்சிலும்: ஊவாத் தோட்டங்களின் முதியோர் கூட்டம் பற்றி ஓர் ஆய்வு

1. வரையறை

மவுத் ஓர்கன் என்பது மூச்சை விட்டாலும் இழுத்தாலும் ஒலிக்கும், சட்டைப் பையில் அடங்கும் வாத்தியம். ஹார்மோனிக்கா என்ற பெயர் அதன் அட்டைப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அது மவுத் ஓர்கன்தான். நாதஸ்வரத்துக்குக் கோயில் உண்டு. தப்புக்குக் காமன் கூத்தும் சாவு வீடும் உண்டு. மவுத் ஓர்கனுக்கு எந்தச் சடங்கும் இல்லாததால் வாசிப்பவருக்கு வெற்றிலை பாக்கும் இல்லை, கூலியும் இல்லை. யாரும் கூப்பிடாமலே வாசிக்கப்படும் வாத்தியம் என்பதே அதன் முதல் இலக்கணம்.

இங்கே ஆராயப்படுவது அறுபது வயதைக் கடந்த வாசிப்பாளர்கள் ஒன்றுகூடிப் பேசும் பழக்கம். வாசிக்கும் பழக்கம் அதன் ஒரு சிறு கிளை என்பதால் உரிய இடத்தில் சுருக்கமாக வரும்.

2. தோற்றம்

ஜெர்மனியின் டிரொசிங்கன் ஊரில் கடிகாரம் செய்துவந்த மத்தியாஸ் ஹோனர் 1857இல் இவ்வாத்தியத்தைச் செய்து விற்கத் தொடங்கி, முதல் ஆண்டில் 650 செய்தார். பத்தாண்டு கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இவ்விரு தொழில்களும் பின்னர் ஊவா மலைகளில் சந்தித்தன என்பது உண்மை. ஒன்றால் மற்றது வளர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை.

இரண்டின் குணமும் எதிரெதிர். தேயிலைக்கு ஈரம் வேண்டும். மவுத் ஓர்கனுக்கு ஈரம் ஆகாது. பழைய வகைகளின் உட்சட்டம் மரத்தால் ஆனது. எச்சில் ஊறினால் மரம் உப்பிப் பல் போல வெளியே நீட்டும், உதட்டைக் கீறும். ஆனி முதல் புரட்டாசி வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று மரச்சட்டத்தையும் காயவைப்பதால், கொழுந்துக்கு நல்ல மாதங்கள் மவுத் ஓர்கனுக்கும் நல்லவை என்று கருத இடமுண்டு. கொழும்பு ஏலத்தில் இந்த இரண்டாவது நன்மைக்கு விலை கேட்பாரில்லை.

3. அமைப்பு

சாதாரண வகையில் பத்துத் துளைகளும் இருபது பித்தளை நாக்குகளும் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஊதுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று. கீழ் ஸ்தாயியில் ஊதினால் ச, க, ப. இழுத்தால் ரி, ப, நி. அங்கே மத்திமமும் தைவதமும் கிடையாது. மூச்சை அழுத்தி இழுத்து அடுத்த சுரத்தை வளைத்து இவ்விரண்டையும் வரவழைக்கும் வித்தை உண்டு. அது கைவராதவர்கள் அவ்விடத்தில் தலையை ஆட்டுவார்கள்; கேட்பவர் அதைச் சுரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதியோர் பெரிதும் விரும்புவது ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்குகள் கொண்ட வகை. இரண்டும் மயிரிழை முரணாகச் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால் ஒலி அலை அலையாக நடுங்கும். சற்றே ஒத்துப்போகாததுதான் இதன் இனிமைக்குக் காரணம். நாற்பதாண்டு இல்லறத்தை இதற்கு உவமை சொல்பவர்கள், மனைவி பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்கிறார்கள்.

4. வாசிக்கும் இடங்கள்

தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் ஊதினால் வரிசை முழுவதும் கேட்கும். விடிகாலையில் பெரட்டு எனும் வேலைப் பதிவுக்கு நிற்க வேண்டியவர்கள் முன்னிரவிலேயே படுத்துவிடுவதால், இசைக்கு எதிரான முதல் விமர்சனம் அடுத்த காம்பராவின் சுவரில் விழும் அடியாக வந்தது. ஆகவே பழகுபவர்கள் வெளியேறினார்கள். பீலிக்கரை, பிள்ளை மடுவத்துத் திண்ணை, ஆளில்லாத கொழுந்து மடுவம் ஆகியவை தொடக்கநிலைக் கல்விக்கூடங்கள்.

உயர்நிலைக் கல்விக்கூடம் ரயில் சுரங்கம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் திறக்கப்பட்டது. தண்டவாளத்தோரம் நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குச் சுரங்கத்தின் எதிரொலி இலவசமாகக் கிடைத்தது. சுமாராக ஊதினாலும் அங்கே நன்றாகக் கேட்கும். இதனால் விளைந்த தன்னம்பிக்கை சிலருக்கு எழுபது வயதிலும் வடியவில்லை.

5. எச்சில் கோட்பாடு

தமிழர் வாழ்வில் எச்சில் கடும் விதிகளுக்கு உட்பட்டது. தண்ணீரையே உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் மக்களிடம், உதடு பட்டால்தான் ஒலிக்கும் வாத்தியம் வந்து சேர்ந்தது. இதிலிருந்து பிறந்த சிக்கலைச் சிறுவர்கள் பெரியவர்களின் உதவியின்றித் தீர்த்தார்கள்.

ஒரு லயத்துக்கு ஒரு மவுத் ஓர்கன் என்பதே அக்காலத்து நிலை. சம்பள நாளில் தோட்டத்துக்கு வரும் வியாபாரியிடமோ, பதுளைக் கடைவீதியிலோ, நச்சரிப்புத் தாங்காத ஒரு தகப்பன் வாங்கியது அது. உரிமையாளர் ஒருவர், வாய்கள் பத்து. “டேய், ஒரு வாட்டி குடுடா” என்று கேட்டவனுக்கு அது கொடுக்கப்பட்டது. வாங்கியவன் சட்டை நுனியில் மூன்று முறை துடைத்தான். இரண்டு முறை துடைத்தால் எச்சில். மூன்று முறை துடைத்தால் சுத்தம். சட்டையின் நிலை கணக்கில் எடுக்கப்படவில்லை.

6. கூட்டத்தின் நடைமுறை

கூட்டம் வழக்கமாக ஞாயிறு முற்பகலில், பேருந்து நிலையத்துக்கு நடக்கக்கூடிய தூரத்திலுள்ள ஒரு வீட்டு இஸ்தோப்பில் கூடும். பண்டாரவளையிலிருந்து வருபவர், மடுல்சீமையிலிருந்து வருபவர், கோச்சியில் (ரயிலில்) வருவேன் என்று சொல்லி வராதவர் என உறுப்பினர் மூவகைப்படுவர்.

இதன் அடிப்படை விதி எளியது. மனிதனுக்கு வாய் ஒன்று. வீணைக்காரர் வாசித்துக்கொண்டே பேசலாம். மவுத் ஓர்கன்காரர் ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது நடக்கும். வயது ஏற ஏறச் சொல்ல வேண்டியவை கூடுகின்றன, மூச்சு குறைகிறது. ஆகவே வாசிப்பு சுருங்கிப் பேச்சு நீளும். சீனி போட்ட தேத்தண்ணி வந்ததும் வாசிப்பு முற்றிலும் நிற்பதற்கு அறிவியல் காரணம் உண்டு: சீனி நாக்குகளில் ஒட்டிக்கொள்ளும். வெற்றிலை போடுபவர் விஷயத்தில் தடை இன்னும் கடுமையானது. வாய் கொப்பளித்துவிட்டு வாசிக்கலாமே என்று இளையவர் யாராவது சொன்னால், “அண்ணே, மொதல்ல கதைய முடிங்க” என்று பேச்சு திருப்பப்படும்.

பேச்சின் போக்குக்குத் தெமோதரை நிலையமே மாதிரி. அங்கிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் ரயில் மலையைச் சுற்றி வந்து, தான் நின்றிருந்த நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகவே கீழே இறங்கும். கூட்டத்தில் சொல்லப்படும் கதையும் அப்படியே: ஆரம்பித்த இடத்துக்கே வரும், ஆனால் ஒரு படி கீழே.

7. நினைவுகளின் வகைகள்

முதலாவது சினிமா வகை. இலங்கை வானொலி இந்திப் பாட்டுகளை மலைக்குக் கொண்டுவந்தது. 1958இன் ‘சோல்வா சால்’ படத்துக்காக ராகுல் தேவ் பர்மன் வாசித்ததும், 1975இன் ‘ஷோலே’ படத்தில் அமிதாப் பச்சன் அந்தி நேரத்தில் வாசிப்பதாக வருவதும் இன்றும் சான்றாகக் காட்டப்படுகின்றன. முதல் படத்தில் அந்த இசை ஓடும் ரயிலில் வரும். பதுளைப் பாதையில் ரயிலில் வாசித்துப் பார்க்காதவர் இவ்வகையினரில் அரிது.

இரண்டாவது சேத வகை: பீலியில் விழுந்தது, கச்சான் கொட்டைத் தோல் உள்ளே சிக்கியது, கழுவி அடுப்பில் காயவைத்தபோது சட்டம் கருகியது. இவ்வகையில் ஒவ்வொரு கதையும் முன்னதைவிடப் பெரிய விபத்தாக அமைய வேண்டும் என்பது மரபு.

மூன்றாவது கப்பல் வகை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். மவுத் ஓர்கன் பற்றி ஒப்பந்தத்தில் குறிப்பில்லை. நடைமுறையில் அது உரிமையாளரோடு போனது. பாஸ்போட் வந்த வீட்டுப் பையன் சாமான் பெட்டியோடு மலையிறங்கித் தலைமன்னார் கோச்சியில் ஏறினான். அழுகை மிகுந்ததால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் பெற்ற வண்டி அது. அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறகு நீலகிரியோ வேறெங்கோ. லயத்தில் வாத்தியம் இல்லாமல் ஒன்பது வாய்கள் மிஞ்சின.

முதல் இரண்டு வகைகளில் குறுக்குப் பேச்சு உண்டு. மூன்றாவதில் இல்லை, யாராவது வாசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான்.

8. பெறப்படுவன

இன்று கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொந்த வாத்தியம் இருக்கிறது. சேமலாப நிதிப் பணத்தில் வாங்கியவை சில. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் அனுப்பியவை சில. இரவல் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. எச்சில் விதி முழுமையாகக் காக்கப்படுகிறது. ஆயினும் சொல்லப்படும் கதைகளில் இந்தச் சொந்த வாத்தியங்கள் இடம்பெறுவதில்லை. எல்லாக் கதைகளும் அந்த ஒற்றை வாத்தியத்தைப் பற்றியவை.

ஒரு பழக்கம் மட்டும் மேற்கண்ட விதிகள் எதற்கும் அடங்காமல் நிற்கிறது. வேறு யாரும் வாய் வைக்காத தன் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், ஊதுவதற்கு முன், ஒவ்வொருவரும் அதைச் சட்டை நுனியில் துடைக்கிறார்கள். மூன்று முறை.