குத்தியல்: கிறித்தவர் மேனியில் ஊசி புகும் முறைமை

மாணவ, கேள். கிறித்தவர் மேனியில் ஊசி புகும் இடமெல்லாம் இவ்வியலுக்கு உரியன. ஊசி புகுந்து மை தங்கின் அது பச்சை. ஊசி புகுந்து வெளி தங்கின் அது துளை. இரண்டும் தங்காது சீழ் தங்கின் அது மருத்துவர்க்கு உரியது. நாம் அதனுள் புகோம்.

முதலிற் பச்சை. அதனை மறுப்போர் முத்திறத்தார்.

1. வரியர். லேவியர் நூலின் 19ஆம் இயல், 28ஆம் வரியைப் பற்றி நிற்போர். இறந்தோர் பொருட்டு உடலைக் கீறுவதும் உடலில் குறி பொறிப்பதும் அங்கே விலக்கப்பட்டன. இவர் மழித்த வரியர், மழியா வரியர் என இருபாற்படுவர். தாடியின் ஓரத்தைச் சிதைக்கலாகாது என்பது அதற்கு முந்திய 27ஆம் வரி ஆகலின் இப்பகுப்பு வேண்டிற்று. மழியா வரியர் இருவரையே யான் கண்டுள்ளேன். அவருள் ஒருவர்க்குத் தாடி முளைப்பதில்லை.

2. கோயிலர். உடல் தூய ஆவியின் கோயில் எனப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதினார் ஆதலின், கோயிற்சுவரில் கிறுக்கலாகாது என்போர். சுவருக்கு வெள்ளையடிப்பதை இவர் தடுப்பதில்லை. முகப்பூச்சு வெள்ளையடிப்பின்பாற்படும்.

3. எண்ணஞ்சியர். 666 என்னும் எண்ணுக்கு அஞ்சுவோர். திருவெளிப்பாட்டின் 13ஆம் இயல் கூறும் விலங்கின் குறி வலக்கையிலோ நெற்றியிலோ அமையும். அங்ஙனமாயின் இடக்கைப் பச்சைக்கு இவர் அஞ்சாரோ எனின், அஞ்சுவர்.

ஏற்போர் பச்சை இருவகை. எகிப்தின் கோப்தியர் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தே சிறு சிலுவை பொறிப்பர், இது சான்றுப்பச்சை. எருசலேம் பழநகரில் ரசூக் குடியினர், மரக்கட்டையில் செதுக்கிய உருவைத் தோலில் ஒற்றி, அதன்மேல் ஊசி ஓட்டுவர். திருநாடு காண வந்தோர் பெற்றுச் செல்லும் இது செலவுப்பச்சை. செலவு என்பது ஈண்டு வழிநடை, காசும் செல்லும்.

இவ்விரண்டினும் அடங்காதது ஒன்றுண்டு. குற்றம் செய்தோன் முகத்தில் குறி பொறிக்கலாகாது, கையிலும் கெண்டைக்காலிலும் பொறிக்கலாம் என உரோமப் பேரரசன் கான்சுடன்டைன் 4ஆம் நூற்றாண்டில் சட்டமிட்டான். முகம் விண்ணக அழகின் சாயல் உடையதாம். கெண்டைக்காலின் சாயல் பற்றி அவன் யாதும் உரைத்திலன்.

இனித் துளை. நூலின் பிழிவு இதுவே, தூங்கற்க.

விடுதலையாண்டிலும் தலைவனை விட்டுப் போகேன் என்ற அடிமையைக் கதவண்டை நிறுத்திக் குத்தூசியால் காது குத்துக என்பது விடுதலைப் பயணம் 21ஆம் இயல். இது கட்டளைத்துளை. ஆபிரகாமின் பணியாள் இரெபேக்காளின் மூக்கில் அரைச்செக்கேல் எடையுள்ள பொன்வளையம் இட்டான். அங்கே வளையம் கூறப்பட்டது, துளை கூறப்படவில்லை. துளையின்றி வளையம் நின்றவாறு என்னை என்பதை நீயே ஆய்க. பெயர் மட்டும் யான் தருவேன்: உய்த்துணர்துளை.

துளை மிகுந்து ஆயத்தக்க நிலம் நெல்லைச்சீமை. ஆண்டுப் பெந்தேகோசுதினர் அணி களைவர். அணியைக் களையலாம், துளையைக் களைதல் எங்ஙனம்? இவ்விடரினின்றே நால்வகை பிறந்தன.

நிறைதுளை: தோடு உடையது. எளிது, விடுக.

தூர்துளை: நாட்பட்டு மூடியது. இதுவும் எளிது.

வெறுந்துளை: திருமுழுக்கன்று தோடு கழன்ற காது. இதன் உட்பிரிவு பாம்படத்துளை. பாம்படத்தின் எடையால் தோள்வரை இறங்கிய காது, பாம்படம் போனபின்னும் மேலேறாது. ஆதலின் சிலர் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டனர். தைக்குங்கால் ஊசி மீண்டும் காதிற் புகுந்தமையின் அதுவும் குத்தியலின்பாற்படுமோ என்பதில் எனக்கும் என் ஆசிரியர்க்கும் 11 ஆண்டு வழக்கு. அவர் மறைந்தார், வழக்கு உள்ளது.

காப்புத்துளை: அணியாக் குடியிற் பிறந்த பெண், ஈர்க்கை ஒடித்துச் செருகித் தூராது காக்கும் துளை. அணியும் குடியில் மணம் அமையக்கூடும் என்பதே அதன் நோக்கம். வாரம் முழுதும் செருகுவது நெடுங்காப்பு. ஆயர் காணாவண்ணம் ஞாயிறு காலை உருவி, மாலை செருகுவது ஞாயிற்றுக்காப்பு. பின்னதற்குத் தாயின் உடன்பாடு வேண்டும், பெரும்பாலும் உண்டு.

ஈர்க்கும் அணியன்றோ என்பார்க்கு விடை வருமாறு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலில் பவுல் விலக்கியவை பின்னிய கூந்தல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை. (இம்மடல் கடிதம், காதுமடல் அன்று, குழம்பற்க.) ஈர்க்கு விலக்கப்படவில்லை.

தென்னையீர்க்கே கொள்க; வேப்பங்குச்சியும் ஆகும். துடைப்பத்தினின்று உருவியதாயின், செருகுமுன் கழுவுக.