மோதிரத்துக்கு ஒரு ஐந்தொகை

வா அப்பு, உக்காரு. உங்க ஆத்தா நேத்தே போன்ல எல்லாம் சொல்லிட்டா. நிச்சயம் முறிஞ்சுபோச்சு, பொண்ணு வீட்டுல மோதிரத்தைத் திருப்பித் தரலை, ஐயா போய்க் கேட்டா மறுக்க மாட்டாகன்னு. அரைப் பவுன், கல்லு தனி. அதுக்கு இந்த வயசுல என்னையக் கோட்டையூருக்குப் பஸ் ஏத்துறீக. போறேன். அவுக வீட்டுக் காப்பி நல்லா இருக்கும்.

போறதுக்கு முந்தி ஒண்ணு கேக்குறேன். முறிச்சது யாரு? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. நீயா? ஜாதகம் பொருந்தலையா? நிச்சயத்தன்னைக்குப் பொருந்துன ஜாதகம், சிங்கப்பூர் வரன் வந்த மறுவாரமே பொருந்தாமப் போச்சாக்கும். கிரகங்களுக்கும் பாஸ்போர்ட் எடுத்துட்டீக போல.

கோவிச்சுக்காத. உனக்குச் சாதகமா ஏதாச்சும் கிடைக்குமான்னு பழசையெல்லாம் தேடித்தான் பாத்தேன். யாக்ஞவல்கியர் இருக்காரே, அவர் ஸ்மிருதியில ஒரு வசதி வச்சிருக்காரு. வாக்குக் கொடுத்த பின்னாடி அதைவிட நல்ல மாப்பிள்ளை வந்தா, பொண்ணு வீட்டுக்காரன் வாக்கை மாத்திக்கலாம். நல்ல பொண்ணு வந்தா மாப்பிள்ளை ஓடிப்போகலாம்னு மட்டும் அவர் எழுதலை. குத்தமில்லாத பொண்ணைக் கைவிட்டவனுக்குத் தண்டனைன்னு எழுதியிருக்காரு. சமமில்லையேன்னு அவருகிட்டயே போய்க் கேளு.

இன்னொரு இடத்துல, பேசுன பொண்ணைக் கொடுக்காம வச்சுக்கிட்டவன் அபராதமும் கட்டணும், மாப்பிள்ளை வீட்டுக்கு ஆன செலவையும் வட்டியோட கொடுக்கணும்னு சொல்றாரு. வட்டியோட! ரிஷி ஒரு தரம் நம்ம பக்கம் வந்து வட்டிக்கடைப் பெட்டியடியில உக்காந்துட்டுப் போயிருப்பாருன்னே எனக்குத் தோணுது. கல்யாணத்துக்கு முந்திப் பொண்ணு செத்துப்போனா? மாப்பிள்ளை தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கலாம், ஆனா ரெண்டு பக்கச் செலவையும் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை. சாவு வீட்டுலயும் பத்து வரவு பாத்திருக்காக நம்ம முன்னோருக. இந்த ஸ்மிருதிக்கு மிதாட்சரம்னு விஞ்ஞானேசுவரர் எழுதுன உரையைத்தான் வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் ஐகோர்ட்டுல எடுத்து வச்சு வழக்குப் பேசுனாக.

கோர்ட்டுன்னதும் முகம் மலருதே! 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இருக்கு, பேச்சை மீறுனவன்கிட்ட நஷ்டம் கேக்கலாம். யாரு மீறுனதுன்னு நீயே இப்ப வாயால சொன்ன, அதனால அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத. இன்னொண்ணு, 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல 126ஆம் பிரிவு. கொடுத்த கொடை இன்னது நடந்தா ரத்துன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கலாம். ஆனா அந்த இன்னது கொடுத்தவன் இஷ்டத்தைப் பொறுத்ததா இருக்கக் கூடாது. நீ கொடுப்ப, நீயே முறிப்ப, அதைக் காட்டி நீயே திருப்பிக் கேப்பன்னா வக்கீலு பீஸ் வாங்கிக்கிட்டுச் சிரிப்பாரு.

பாஸ்டன்ல இருக்காளே நம்ம பேத்தி, அவ ஒரு வழக்குச் சொன்னா. அந்த மாசசூசெட்ஸ் மாநிலத்து உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர்ல தீர்ப்புக் கொடுத்திருக்கு. மோதிரம் எழுபதாயிரம் டாலர், நிச்சயம் பண்ணுனது 2017. முறிச்சது மாப்பிள்ளைதான், அப்புறமும் மோதிரம் அவனுக்கே. முந்தியெல்லாம் யாரு மேல தப்புன்னு துருவிப் பாத்தவுக, இனிமே தப்பைப் பேசவே வேணாம், கல்யாணம் நடக்கலைன்னா கொடுத்தவனுக்குப் போகட்டும்னு முடிச்சுட்டாக. ஏழு வருஷம் ஆச்சு அப்பு. உன் அரைப் பவுனுக்கு ஏழு வருஷம் அலைஞ்சா செருப்புக் காசு தேறுமா? இங்கிலாந்துல நேர் எதிர். 1970ஆம் வருஷத்துச் சட்டப்படி மோதிரம் அவளுக்கே சொந்தம்னுதான் எடுத்துக்குவாக. திருப்பித் தரணும்னு நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தேன்னு நிரூபிச்சா மட்டும் உனக்கு.

நிபந்தனைன்னா எழுத்து. நம்ம பக்கத்துல எழுதாத சங்கதி உண்டா? சாமான் பரப்புனா கரண்டி வரைக்கும் சிட்டையில ஏறும். கல்யாணத்துல ரெண்டு வீட்டாரும் இசைகுடிமானம்னு கல்யாண ஒப்பந்தமே எழுதிக்கிறோம், அந்தக் காலத்துல ஓலையில, இப்பக் காகிதத்துல. கவர்மெண்டுக்கு இந்தப் புத்தி 1985இல்தான் வந்துச்சு. கல்யாணத்துல வந்த பரிசுக்கெல்லாம் பட்டியல் போடு, இன்ன பொருள், ஏறக்குறைய இன்ன விலை, கொடுத்தவர் இன்னார், என்ன உறவுன்னு எழுது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுன்னு விதி போட்டாக. அதுவும் கல்யாணப் பரிசுக்குத்தான், நிச்சயத்துக்கு இல்லை. தாலியாக் கழுத்தூரு பூட்டுற ஊருல மோதிரம் மாத்துறது சினிமா பாத்து வந்த பழக்கம். அது எந்தச் சிட்டையிலயும் ஏறலை, இப்ப எவன்கிட்டப் போய்க் கேக்க?

சரி, நான் ஐந்தொகை போட்டுப் பாத்துட்டேன். அவுக பத்துல, அதான் வாங்குன பக்கத்துல, அரைப் பவுன் மோதிரம், ஒரு பட்டுச் சேலை. அதை வச்சுக்க. உன் பத்துல என்னென்ன? மண்டபம் அவுக பிடிச்சது. எலை போட்டது அவுக. நம்ம வீட்டுலருந்து ரெண்டு வேன் நெறயப் போனோம், ஒருத்தரும் மறு சாப்பாடு வேணாம்னு சொல்லலை. நானே கவுனரிசி மூணு தரம் கேட்டு வாங்குனேன். அப்புறம் மாப்பிள்ளைக்குன்னு வச்ச துணிமணி. அப்புறம் இப்பப் பேசயில நாலு தரம் மணி பாத்தியே, அந்த வாட்சு. அதை அவுக எந்தக் கடையில வாங்குனாகன்னு எனக்குத் தெரியும், கூடப் போனவன் நான்.

ரிஷி சொன்ன மாதிரிக் கழிச்சுப் பாத்தா நிலுவை உன் பேருலதான் நிக்குது. வட்டி இன்னும் சேக்கலை.

அதனால கோட்டையூருக்கு நான் போறேன், ஆனா வாங்க இல்லை. வாட்சைக் கழட்டித் துணியோட வச்சுக் கொடு, கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாரேன். மோதிரத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். பொண்ணு வீட்டு ஆச்சிக்கு ரோசம் சாஸ்தி. வாட்சு வாசல்ல வந்து நின்னா அரை மணி நேரத்துல மோதிரம் தன்னால வெளிய வரும். வராட்டி, உனக்கு வாட்சும் இல்லை. இந்த ரெண்டுல எதுன்னு பந்தயம் கட்ட நான் வரலை.

சிங்கப்பூர்க்காரவுக அடுத்த மாசம் வாராகளாமே? மோதிரம் போடுறதுக்கு முந்தி, முறிஞ்சா திருப்பித் தரணும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிரு. எழுதிக் கேட்டா பொண்ணு கொடுப்பாகளான்னு என்னையக் கேக்காத. நான் கணக்கு மட்டும்தான் பாப்பேன்.