அட்டை அண்ணாச்சி

அக்டோபர் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டால் காலை ஏழு மணிக்கு என் கைப்பேசி அலறும். யாரென்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“தம்பி, ஞாயித்துக்கெழம வெயிலு எப்படி?”

“மேகமூட்டம்னு போட்டிருக்கான் அண்ணாச்சி.”

“அதுதாம்ப்பா வேணும். வெயிலடிச்சா நாலு பேரும் கண்ணச் சுருக்கிருவோம். ஒம்போது மணிக்கு ஜான்சன் பார்க் வந்துரு. ஒன் போன்ல ஃபுல் சார்ஜ் ஏத்திக்க. என் போன்ல எடம் இல்ல.”

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது குடும்பத்தோடு படம் எடுத்து, அதையே வாழ்த்து அட்டையாக அச்சடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவது அமெரிக்க வழக்கம். அதை நம்மவர்களில் சிலர் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள். தமிழில் அட்டை என்றால் இரண்டு பொருள். இவர்களுக்கு இரண்டுமே பொருந்தும். நியூஜெர்சியில் எந்தத் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்றாலும் இந்த ரகத்தில் ஒருவராவது கண்ணில் படுவார். எனக்கு வாய்த்தவர் சிவகாசிக்காரர். தமிழ்நாட்டுக்கே காலண்டரும் வாழ்த்து அட்டையும் அடித்துக் கொடுத்த ஊரில் பிறந்தவர், ராரிடன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஆன்லைனில் அட்டைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் ஆரம்பித்தது அவருடைய முதல் மேனேஜரால். அந்த அமெரிக்கர் கொடுத்த அட்டையில் அவர், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்பு ஸ்வெட்டர். “நாய்க்கே ஸ்வெட்டர் போட்டு நிப்பாட்டியிருக்கான் தம்பி. நமக்கென்ன கொறச்சல்?” என்று அன்று எழுந்தவர், பதினெட்டு வருஷமாக இன்னும் உட்காரவில்லை.

ஸ்வெட்டரிலிருந்தே தொடங்குகிறேன். நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் புது ஸ்வெட்டர் வாங்கப்படும். ஆனால் விலைச்சீட்டை யாரும் கிழிக்கக் கூடாது. கழுத்துக்கு உள்ளே மடக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு வில்லங்கம். இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஒன்றில் பையன் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றதில் பெரும்பாலும் மகள் அப்பாவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் மனிதர்களைப் போலத் தெரிந்தது ஒரே ஒரு படத்தில். அந்த ஒன்றில் மதினியின் கழுத்தோரம் விலைச்சீட்டு வெளியே வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அசரவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானூறு டிசைன்களைப் புரட்டினார். அழகு, நிறம், எழுத்து எதையும் பார்க்கவில்லை. சரியாக அந்தச் சீட்டு தெரியும் இடத்தில் ஒரு பனிப்பூ விழுகிற டிசைன் எது என்று தேடினார். கிடைத்தது. அந்த அட்டையை வாங்கிய எல்லோரும், “டிசைன் ரொம்ப ரசனையா இருக்கு” என்றார்கள்.

டிசைனுக்கு அவர் வைத்திருக்கும் இன்னொரு சட்டம், வருஷம் அச்சாகியிருக்கக் கூடாது. வருஷம் போடாவிட்டால் மிச்சமான அட்டைகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் வயது போடும் டிசைன்களும் இதே காரணத்தால் தள்ளுபடி. இரண்டு வருஷம் ஒரே அட்டையை ஓட்டியிருக்கிறார். மூன்றாவது வருஷம் பையனுக்கு மீசை வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

வாசகமும் அப்படித்தான். ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ வேண்டாம் என்பார். அதில் மதக் காரணம் எதுவும் கிடையாது. டிசம்பர் 25 தாண்டினால் அது செல்லாக்காசு. ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்றால் ஜனவரி முதல் தேதி வரை தாங்கும். மலிவான டெலிவரியைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு இந்த முன்யோசனை வேண்டியதுதான்.

இனி கூப்பன். இந்த அட்டை வியாபாரத்தில் முழு விலை என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. நவம்பர் பிறந்தால் பாதி விலை என்பார்கள், பிளாக் ஃபிரைடே அன்று இன்னும் கொஞ்சம் இறங்குவார்கள், சைபர் மண்டேக்கு முனையை வட்டமாக நறுக்கித் தருவது இலவசம் என்பார்கள். ஆனால் அட்டையில் இறங்கியதைப் பளபளப்புத் தாளில் ஏற்றுவார்கள். உறையில் முகவரி அச்சடிக்கத் தனி, பின்பக்கம் அச்சுக்குத் தனி. ஓட்டலில் இட்லி விலையைக் குறைத்துவிட்டு வடகறிக்குக் காசு வாங்குகிற கதை.

அண்ணாச்சி இதற்குக் கையாளும் வித்தை ரங்கநாதன் தெருவில் கற்றது. அறுபது அட்டையைக் கூடையில் போடுவார், முகவரி வரை நிரப்புவார், பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போவார்.

“கடைய விட்டு நாலு எட்டு நடந்தா பின்னாலயே கூப்பிடுவான் பாரு, ‘வாங்க சார், என்ன வெலைக்குத்தான் கேக்குறீங்க’ன்னு. இவன் மெயில்ல கூப்பிடுவான். அவ்வளவுதான் வித்தியாசம்.”

கூப்பிடத்தான் செய்தார்கள். மறுநாள், ‘எதையோ மறந்துவிட்டீர்களே’ என்று ஒரு மின்னஞ்சல். அதற்கு மறுநாள் கூடுதல் பத்து சதவீதம். அதோடு விடுவாரா? முதன்முறை வாங்குபவருக்குத் தனிச் சலுகை உண்டு என்பதால் வீட்டில் ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி. அதுவும் தீர்ந்த பிறகு சிவகாசியில் இருக்கும் அப்பா பெயரில் ஒன்று. எண்பத்து நாலு வயதில், விமானமே ஏறாமல், அந்தப் பெரியவர் அமெரிக்காவில் ஐந்து கம்பெனிகளுக்குப் புது வாடிக்கையாளர் ஆகியிருக்கிறார்.

இவ்வளவு வித்தை தெரிந்தவரை ஒரே ஒரு தடவை கவிழ்த்தது சதுரம். ஒரு கம்பெனி சதுர அட்டையைப் பாதி விலைக்கும் கீழே போட்டிருந்தது, பாய்ந்து வாங்கினார். சதுர உறை தபால் நிலைய மெஷினில் சரியாகப் போகாது, அதற்குத் தனிக் கட்டணம் என்பது தபால் நிலையத்தில் வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் கவுன்டரில் கரைந்தது. அன்றிலிருந்து அவர் வீட்டில் சதுரமான பிஸ்கட்கூட வாங்குவதில்லை என்று மதினி சொல்கிறார்.

படத்தின் தரம் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது. ஐந்துக்கு ஏழு அங்குல அட்டை தெளிவாக வர வேண்டுமென்றால் படம் 1500க்கு 2100 பிக்சலாவது இருக்க வேண்டும். இன்றைய கைப்பேசிப் படத்தில் அது தாராளமாக இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி என்னிடமிருந்து அதை வாட்ஸாப்பில்தான் வாங்குவார். வாட்ஸாப் அதைப் பிழிந்து சக்கையாக்கித் தரும். அட்டைத் தளம் மஞ்சள் முக்கோணம் போட்டு எச்சரிக்கும். “அவன் அப்படித்தாம்ப்பா பயமுறுத்துவான், பெரிய பேக்கேஜ் விக்கணும்ல” என்று தாண்டிப் போய்விடுவார். ஒரு வருஷம் மதினியின் காஞ்சிபுரப் பட்டில் கரையே தெரியவில்லை. மயில் எல்லாம் மைக்கறையாக வந்திருந்தது. நல்லவேளை, புடவைக்குக் கடையில் திருப்பித் தரும் வசதி இல்லாததால் அது சொந்தப் புடவை. மதினி ஒரு வாரம் பேசவில்லை.

ஒருநாள் அவருக்கு இந்த வழக்கத்தின் வரலாற்றைச் சொன்னேன். லண்டனில் ஹென்றி கோல் என்று ஒருவர். 1843இல் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்துவிட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. அதில் இருப்பதும் குடும்பப் படம்தான்: பெரியவர் முதல் குழந்தை வரை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கோப்பையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறார்கள். குழந்தைக்கும் ஒயின் ஊட்டுவதைப் பார்த்து மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அண்ணாச்சிக்கு ஒயின் விஷயம் காதில் ஏறவில்லை. “அட்டை என்ன வெல?”

“ஒரு ஷில்லிங்.”

“தபாலுக்கு?”

“ஒரு பென்னி. 1840லேருந்து.”

“ஒரு ஷில்லிங்குக்குப் பன்னெண்டு பென்னி. தபாலப்போலப் பன்னெண்டு மடங்கா அட்டைக்குக் குடுத்திருக்கான்!” கொஞ்ச நேரம் உண்மையாகவே வருத்தப்பட்டார். “கூப்பன் இல்லாத காலம். பாவம், வெள்ளந்தி சனங்க.”

தபால்தலையில் அவர் செய்த சாதனையை அவரே சொல்லிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ‘ஃபாரெவர்’ தலை என்று ஒன்று உண்டு. வாங்கிய நாளில் என்ன விலையோ, பிறகு கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அது செல்லும். பல வருஷக் கோரிக்கைக்குப் பின் 2016 அக்டோபர் 5 அன்று தீபாவளிக்கு அப்படி ஒரு தலை வெளியிட்டார்கள்: பொன்னிறப் பின்னணியில் ஓர் அகல் விளக்கு. அப்போது ஒன்று 47 சென்ட். ஊரே நெகிழ்ந்து ஒரு தாள், இரண்டு தாள் வாங்கியது. அண்ணாச்சி இருபது தலை கொண்ட தாளில் நாற்பது தாள் வாங்கினார். 2025 ஜூலையில் கட்டணம் 78 சென்ட் ஆனது. தலைக்கு 31 சென்ட் லாபம். அதனால்தான் அவர் வீட்டு கிறிஸ்துமஸ் அட்டைமேல் இன்றும் தீபாவளி விளக்கு எரிகிறது.

“அந்த முந்நூத்தி எழுவத்தாறு டாலர அன்னைக்கே ஷேர்ல போட்டிருக்கலாம்ல?” என்று மதினி ஒரே ஒரு தடவை கேட்டார். அண்ணாச்சி அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டார்.

இந்த மனிதரைக் கஞ்சர் என்று முடிவு கட்டினால் தப்பு. தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு முதல் காசோலை அவருடையதுதான். அட்டை விஷயத்தில் மட்டும் இப்படி ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் அவருடைய எக்செல் கோப்பைத் தற்செயலாகப் பார்த்தேன். பெயர், முகவரி, அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ‘நாம் அனுப்பியது’, ‘அவர்கள் அனுப்பியது’. வருஷவாரியாக. அட, இது மொய் நோட்டு!

அதன்பின் எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷம் தொடர்ந்து வரவு இல்லை என்றால் பெயர் மஞ்சளாகும். மூன்றாவது வருஷம் சிவப்பு. சிவப்பானவர் வீட்டிலிருந்து டிசம்பர் 28ஆம் தேதி திடீரென்று அட்டை வந்து நின்றால் அண்ணாச்சி வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். இருப்பிலிருந்து ஒன்றை எடுத்து, அன்றே தபாலில் சேர்த்து, டிசம்பர் பத்தாம் தேதியே அனுப்பியது போலப் பேச வேண்டும். “தபாலெல்லாம் இப்ப ரொம்ப லேட்டுங்க” என்று அவர் போனில் சொல்வதைக் கேட்டால் தபால் துறையே நம்பிவிடும். செய்முறையில் கடன்பட்டு நிற்க அவரால் முடியாது. மதுரைப் பக்கத்தில் மொய் எழுதியவர்களுக்கு நான் சொல்லி இது புரிய வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு ஓர் அட்டை அனுப்ப ஒன்றரை டாலருக்குமேல் ஆகும் என்பதால் அங்கிருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் வாட்ஸாப் படம்தான். ஒருவருக்கு மட்டும் அட்டை போகும்: அப்பாவுக்கு. அந்த உறையில் மூன்று அகல் விளக்குகளை வரிசையாக ஒட்டுவார். கணக்குப்படி அறுபது சென்ட்டுக்குமேல் அதிகம். “போற எடம் தூரம்ல” என்பார்.

அந்த அப்பாவும் லேசுப்பட்டவர் அல்லர். பொங்கல் வாழ்த்து அட்டைகள் பெட்டிக்கடையில் கொடி கட்டித் தொங்கிய காலத்தில் கரும்புப் பானைப் படம், எம்ஜிஆர் படம், சிவாஜி படம் என்று ஆளுக்கேற்ப வாங்கி, உறையை ஒட்டாமல் நாக்கை மட்டும் உள்ளே செருகி, ‘புக் போஸ்ட்’ என்று எழுதி மலிவாக அனுப்பியவர். மகன் அனுப்பிய அட்டை போய்ச் சேர்ந்ததும் போனில் அவர் சொல்வது ஒன்றுதான்: “நல்லாருக்குய்யா. இதையே இங்க அடிச்சா ரெண்டு ரூவா.”

சென்ற ஆண்டு மலிவு டெலிவரி தன் வேலையைக் காட்டியது. அறுபது அட்டையும் ஜனவரி ஒன்பதாம் தேதிதான் வந்தன. ‘ஹேப்பி ஹாலிடேஸ்’கூடக் காலாவதி. அண்ணாச்சி நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் பொங்கல் பானை ஸ்டிக்கர் வாங்கி வந்து, குடும்பமே ராத்திரி உட்கார்ந்து அந்த எழுத்தின்மேல் ஒட்டியது. தை பிறந்தது, அட்டைகளும் போய்ச் சேர்ந்தன. மகள் அந்த ராத்திரி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று மதினி சொன்னார். முறைக்காத மகளை நான் படம் எடுத்திருக்கலாம், என்னைக் கூப்பிடவில்லை.

எனக்கு அட்டை கையில்தான் வந்தது. உறை கிடையாது. “பக்கத்து வீட்டுக்கு எதுக்குப்பா தபால்தல?” என்றவர், கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. ஒன் பேரு மஞ்சளாயிருச்சு.”

ஆகவே இந்த வருஷம் நானும் இறங்கிவிட்டேன். ஐம்பது அட்டையைக் கூடையில் போட்டு, முகவரி வரை நிரப்பி, மூடிவிட்டு வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இன்னும் யாரும் கூப்பிடவில்லை. காலாவதியாகாத கூப்பன் உங்களில் யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.