மாதத்துக்கு எத்தனை வாரம்? கும்மிடிப்பூண்டிக்குப் புதிதாக வருவோருக்கு

மாதத்துக்கு நாலு வாரம் என்று சொல்லிக்கொடுத்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள். 365 நாளைப் பன்னிரண்டால் வகுத்து, வந்ததை ஏழால் வகுத்தால் 4.345 வாரம் கிடைக்கும். அந்த .345 யார் பைக்குப் போகிறது என்பதுதான் இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் நீங்கள் படிக்கவேண்டிய பாடம்.

செல்போனிலிருந்து தொடங்குங்கள். ரீசார்ஜ் கடையில் மாதம் என்றால் பெரும்பாலும் 28 நாள். வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை போட்டால் 336 நாள்தான் ஓடும். பதின்மூன்றாவது தடவையும் கடைக்கு நடக்கவேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. இருக்கிறது, நீங்களாகக் கேட்டால்.

அறை வாடகையில் வம்பில்லை. தேதி ஒன்று என்றால் ஒன்று. பிப்ரவரிக்குக் கழிவு கேட்டுப் பார்க்காதீர்கள், நான் கேட்டிருக்கிறேன்.

வாரத்தை நாளால் அளக்காதீர்கள், ஷிப்டால் அளந்து பாருங்கள். "இந்த வாரம் நைட்டு" என்பவரின் ஏழு நாள் மற்றவர்களுடையதைவிட நீளம். பாட்டி கணக்கில் நாழிகை 24 நிமிடம். எட்டு மணி ஷிப்டுக்குச் சரியாக இருபது நாழிகை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; அப்போது நாங்கள் முப்பது நாழிகைக்குத் தயாரானோம். எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்த மசோதாவின் ஆயுள் ஒரு வாரமும் சொச்சமும்.

சம்பள மாதத்துக்கு 26 நாள். ஞாயிறு அதில் இல்லை. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலேயே பதினைந்து நாள் கூலியை மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துத்தான் கணக்கிட்டார்கள். ஆகவே சம்பளச் சீட்டை ஊன்றிப் பாருங்கள். லீவுக்குப் பிடிக்கும்போது 26-ஆலும், ஓவர்டைமுக்குக் கொடுக்கும்போது 30-ஆலும் வகுத்திருந்தால் அங்கே கணக்கு தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். நான் ஓரிடத்தில் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

கடைசி அளவு 480. 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். மாதம் 26 நாள் என்றால் பதினெட்டரை மாதத்தில் தொட்டுவிடலாம். ஆனால் அந்த எண்ணை உங்களைவிடக் கவனமாக எண்ணுகிறவர்கள் உண்டு. பதினேழாவது மாத வாக்கில் சூப்பர்வைசர் திடீரென்று "தம்பி" என்று அன்பாகக் கூப்பிட்டால், சாப்பிட்டாயா என்று விசாரித்தால், பெட்டியை எடுத்து வையுங்கள். அதற்குப் பெயர் பிரேக். "கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வா, புது ஐடி கார்டு போட்டுக்கலாம்" என்பார். கார்டில் வேறு ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும். மெஷின் அதேதான், டப்பாவும் அதே ஆணியில்தான் தொங்கும். உங்கள் எண்ணிக்கை மட்டும் ஒன்றிலிருந்து.

எத்தனை நாள் பிரேக் என்று கேளுங்கள். "ஒரு மாசம்" என்பார். 28-ஆ, 30-ஆ என்பதையும் கேட்டுவிடுங்கள். ரீசார்ஜ் அதற்குத் தக்கபடி போடவேண்டும்.