கால் ஒன்று, கோப்பு வேறு

கேள்வி: அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பி வந்தால் குற்றம் ஒன்றுதானே? ஒருவருக்கு 2 ஆண்டு, இன்னொருவருக்கு 20 ஆண்டு வரை என்று தண்டனை எப்படி மாறுகிறது?

பதில்: எல்லையைத் தாண்டிய கால் ஒன்றுதான், கூடவே வரும் கோப்பின் கனம் வேறு. பழைய வழக்கு இல்லாதவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. நாடு கடத்தப்படும் முன்பே பெருங்குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டிருந்தால் 10. அது 'கொடிய பெருங்குற்றம்' என்ற பட்டியலில் இருந்தால் 20. அந்தப் பட்டியலில் கொலை மட்டுமா இருக்கிறது? ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்ட திருட்டும் உண்டு. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, ஒரு நாள்கூட அவர் உள்ளே இருக்காவிட்டாலும் கணக்கில் சேரும்!

இந்தப் பழைய தண்டனையைக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை, நீதிபதி கருத்தில் கொண்டாலே போதும் என்று 1998இல் அல்மெண்டாரெஸ்-டோரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. அந்த ஐவரில் ஒருவரான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸே 2000இல் தன் நிலைப்பாடு தவறு என்று எழுதிவிட்டார். தீர்ப்பு மட்டும் அசையவில்லை. சிறைவாசத்தைப் பத்து மடங்காக்கக்கூடிய ஒன்றை ஜூரியின் கண்ணில் காட்டாமலே முடிவு செய்வது நியாயமே அல்ல.