நிலாவுக்குக் கடத்தப்பட்ட நாத்திகம்

1619 பிப்ரவரியில் துலூஸ் நகரத்தில் வானினி என்ற தத்துவவாதியின் நாக்கை அறுத்தார்கள், கழுத்தை நெரித்தார்கள், அதுவும் போதாமல் உடலை எரித்தார்கள். கடவுளை மறுத்தார் என்று வழக்கு. அடுத்த மாதம் பாரிஸில் சிரானோ தெ பெர்ஜெராக் என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம். வளர்ந்தபின் அவருக்கு ஒன்று விளங்கியது: மனதில் பட்டதைப் பிரான்ஸில் நின்று சொன்னால் நாக்கு மிஞ்சாது. நிலாவில் நின்று சொல்வோமே என்று ஒரு நாவல் எழுதினார்.

கதையின் நாயகன் முதலில் பனித்துளி அடைத்த புட்டிகளை உடம்பில் கட்டிக்கொள்கிறான். வெயில் பனியை இழுக்கும்போது ஆளையும் இழுக்குமாம். போய் விழுந்த இடம் கனடா. அடுத்தது வாணவெடி கட்டிய வண்டி. வெடி தீர்ந்தும் பயணம் நிற்கவில்லை. காயத்துக்குப் பூசிய மாட்டு மஜ்ஜையை நிலா உறிஞ்சியதில் மீதித் தூரமும் கடந்துவிட்டது. (இதைவிட மோசமான விளக்கங்களை அறிவியல் புனைகதைகளில் படித்திருக்கிறோம்.)

இறங்கியது ஏதேன் தோட்டத்தில். அங்கே எலியா தீர்க்கதரிசி பாடம் எடுக்கிறார்: ஏவாளை ஏமாற்றிய பாம்பை மனித வயிற்றுக்குள் அடைத்துவிட்டார் கடவுள், அதுதான் நம் குடல். நாயகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறான்.

நிலாவாசிகள் நாலு காலில் நடப்பவர்கள். இரண்டு காலில் நிற்கும் இவனை ராணி வளர்க்கும் பிராணிக்கு ஜோடி என்று நினைத்து, இரண்டையும் சேர்த்து வைத்துக் குட்டிக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பிராணி ஒரு ஸ்பானியர். காட்வின் என்ற ஆங்கிலேய பிஷப்பின் நாவலிலிருந்து சிரானோ உருவிக்கொண்டு வந்த ஆள்! இது மனிதனா, இறகில்லாத கிளியா என்று அங்குள்ள மதகுருமார் தீவிரமாக ஆராய்கிறார்கள். பூமியும் ஓர் உலகம்தான் என்று நாயகன் வாய் தவறிச் சொல்ல, மதத்துரோக வழக்கு. தண்டனை: தெருத்தெருவாகப் போய், இது நிலா அல்ல, உலகம், மேலே தெரிவதுதான் நிலா என்று அறிவிக்க வேண்டும். மக்கள் இப்படி நம்புவதையே மதகுருமார் விரும்புகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1633இல் ரோமில் கலிலியோ மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிட்ட கதை யாருக்கும் நினைவு வராமலா இருக்கும்?

எனக்குப் பிடித்தது முட்டைக்கோஸ் வாதம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி வருகிறது: மனிதன் பாவம் செய்தான், முட்டைக்கோஸ் செய்யவில்லை, கடவுளுக்கு யார் மேல் பிரியம் அதிகமாக இருக்கும்? இதற்கு எந்தச் சபையிலும் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1655இல் சிரானோ இறந்தார். நண்பர் லெ பிரே 1657இல் புத்தகத்தை வெளியிட்டார். அவர் திருச்சபைப் பணிக்குப் போனவர். வம்பான பக்கங்களில் கத்தரி போட்டுவிட்டார். வெட்டாத பிரதி அச்சேற 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. அதற்குள் நாடகாசிரியர் ரோஸ்தான் 1897இல் அவரைப் பற்றி ஒரு நாடகம் போட்டு, சிரானோவின் மூக்கை மட்டும் உலகப் பிரசித்தமாக்கிவிட்டார். சிரானோ கோபித்திருக்க மாட்டார். அவருடைய நிலாவில் நீள மூக்குக்காரனுக்குத்தான் மரியாதை.