சாதாரணமாக வரச் சொல்லப்பட்டவன்

"பெரிய நேர்காணல் என்று ஒன்றுமில்லை, ஒரு காபி குடித்துக்கொண்டே பேசுவோம், சாதாரண உடையில் வந்தால் போதும்" என்று நிறுவனத்தார் மின்னஞ்சலின் கடைசி வரியில் எழுதிவிடுகிறார்கள், அந்த ஒரு வரியின் விளைவாக அன்றிரவு முதல் அவனுக்கும் தூக்கமில்லை, அவனைப் பெற்றவர்களுக்கும் தூக்கமில்லை, அதே கட்டடத்தின் மாடியில் குடியிருக்கும்படி பூர்வஜன்மத்தில் என்ன பாவம் செய்தேனோ, எனக்கும் தூக்கமில்லை. அந்த நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, மாதச் சம்பளம் எவ்வளவு, அது ஒழுங்காகக் கைக்கு வந்து சேருமா என்பன போன்ற அற்ப விசாரங்கள் அவனை அண்டுவதேயில்லை. அவனுடைய சித்தம் முழுவதும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் பிரதேசத்திலேயே லயித்துக் கிடக்கிறது.

சட்டைக்கையை எத்தனை மடிப்பு மடிப்பது என்பதே பிரச்சினை. அரைக்கைச் சட்டை ஆகாது. அது அவன் அப்பா அணிவது. முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டு போனாலோ, கடன் கேட்க வங்கிக்குப் போகிறவனின் தோற்றம் வந்துவிடும். ஆகவே முழுக்கைச் சட்டையை அணிந்து அதை மடித்துவிட வேண்டும்; மடித்தது தெரிய வேண்டும், மடிப்பதற்குப் பிரயத்தனம் எடுத்துக்கொண்டது மட்டும் தெரியக் கூடாது. பீரோக் கண்ணாடியின் முன் நின்று பொத்தான் பட்டியை முதலில் அகலமாக ஒருமுறை திருப்புகிறான். துணியின் உட்புறத்து வெளிர்நிறம் தலைகாட்டுகிறது. இரண்டாம் மடிப்பில் அது மறைகிறது. மூன்றாம் மடிப்பில் சட்டைக்கை முழங்கைக்கு மேலேறி, வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாசலில் நிற்கும் கட்சித் தொண்டரின் உறுதியை அவனுக்கு அளித்துவிடுகிறது. பதறிப்போய் ஒன்றை அவிழ்க்கிறான். இரு கைகளும் இம்மி பிசகாமல் ஒரே அளவில் அமைந்துவிட்டால் ஒத்திகை பார்த்து வந்தவன் என்று எண்ணிவிடுவார்களே என்று இடக்கையை அரை விரற்கடை தளர்த்துகிறான். தளர்த்திய மாத்திரத்தில் வேறொரு பீதி பிடித்துக்கொள்ள, மாடிப்படி ஏறிவிடுகிறான்.

"அங்கிள், சும்மா ஒரு தடவை பாத்து சொல்லுங்க. யோசிச்சு மடிச்ச மாதிரி இருக்கா?"

ஆமாம் என்றால் முகம் வாடி இறங்கிப் போகிறான். இல்லை என்றால், "அப்போ அசால்ட்டா இருக்கான்னு நெனச்சுப்பாங்களா?" என்கிறான். நன்றாயிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. எந்தக் கை நன்றாயிருக்கிறது என்று கேட்பான். நேரில் வர இயலாத வேளைகளில் கைபேசிக்குப் புகைப்படங்கள் வருகின்றன: நின்றபடி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நாற்காலியில் அமர்ந்து வெறும் டம்ளரை உதட்டருகே உயர்த்தியபடி ஒன்று. காபி குடிக்கும்போது கை உயர்ந்தால் மடிப்பு எவ்வளவு தூரம் நழுவும் என்பதை ஆராயவே அந்த டம்ளர் படம் என்பதை அறிந்தபோது, இந்தப் பிள்ளை பொறியியல் படித்தது வீண்போகவில்லை என்று ஒரு க்ஷணம் எனக்கு மரியாதையே தோன்றிவிட்டது.

தெருமுனை இஸ்திரிக்காரரின் பொறுமையையும் அவன் சோதித்துவிட்டான். புதுச் சட்டையை நீட்டி, தேய்த்தது தெரியாத மாதிரி தேய்த்துத் தரவேண்டும் என்று அவன் விண்ணப்பித்துக்கொள்ள, அந்த மனிதர் கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்து, "தேய்க்காம அப்படியே எடுத்துட்டுப் போ தம்பி, தெரியவே தெரியாது" என்றார். அவன் சம்மதிக்கவில்லை. முதுகில் விறைப்பாகவும் மார்பில் சற்றே அலட்சியமாகவும் தேய்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த அலட்சியமும் போதாதென்று சட்டையைச் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான். கால்சட்டை, காலணி, தாடி ஆகியவை பற்றியும் ஆலோசனைகள் நடந்தன. அவற்றை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 2005-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூடாதென்று விதித்தபோது ஊரெங்கும் விவாதம் நடந்தது. விவாதம் ஓய்ந்துவிட்டது, ஆனால் அவ்விதியின் வாரிசுகள் இன்றும் பல தனியார் கல்லூரிகளின் வாசலில் காவலர் உருவில் ஜீவித்திருக்கின்றன. நான்காண்டுக் காலம் சட்டையை இன் பண்ணி, முகத்தை மழித்து, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு, டி-ஷர்ட்டில் வந்த குற்றத்துக்கு அபராதமும் கட்டி வளர்ந்த ஒரு பிள்ளையிடம், ஐந்தாம் ஆண்டில் ஒருவர் வந்து உன் இஷ்டம்போல் வா என்றால், இஷ்டம் என்று ஒன்று அவனிடம் எஞ்சியிருக்க வேண்டாமா?

முன்னுதாரணங்களும் அவனுக்கு உதவவில்லை. 2012-ல் ஃபேஸ்புக்கின் பங்குகளை விற்கப் புறப்பட்ட மார்க் சக்கர்பெர்க், நியூயார்க் முதலீட்டாளர்களின் முன் ஹூடியோடு போய் நின்றதைப் பெருமிதத்துடன் எனக்கு எடுத்துரைத்தான். அதே மனிதர் 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களுக்குப் பதில் சொல்லப் போனபோது கோட்டும் டையுமாகப் போனாரே என்று நான் கேட்டேன். பணத்தைக் கொண்டுவந்து கொட்டப் பிறர் காத்திருக்கும் இடத்துக்கு ஹூடி, தன்னைப் பிறர் விசாரிக்கும் இடத்துக்குக் கோட்டு. நீ போவது எந்த இடத்துக்கு என்று யோசித்துக்கொள் என்றேன். யோசித்தான், யோசித்து, கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். ஊரிலிருந்து வந்திருந்த அவன் தாத்தா வேட்டி கட்டிக்கொண்டு போகச் சொன்னார். மன்றங்களிலும் பொதுவிடங்களிலும் வேட்டி கட்டியவரை வாசலில் தடுக்கலாகாதென்று 2014-ல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருப்பதால் அந்த யோசனை கேலிக்குரியதன்று. உள்ளே விடுவதற்குச் சட்டம் இருக்கிறது, உத்தியோகம் தருவதற்குத்தான் இல்லை.

உண்மையில் எனக்குக் கோபம் அந்த மின்னஞ்சலை எழுதியவர்மீதுதான். அவன் சாதாரணமாக அணிவது எது என்பதை நான் அறிவேன்: கட்டம் போட்ட கைலி, மேலே, கட்டட மேஸ்திரியான அவன் பெரியப்பாவுக்கு ஏதோ ஒரு சிமென்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த, முதுகில் விளம்பரம் அச்சிட்ட டி-ஷர்ட். அந்தக் கோலத்தில் போய் நின்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்தின் காவலாளி அவனை லிஃப்ட்வரை விடுவார்? சாதாரணமாகத் தோன்றுவதற்கும் ஓர் அந்தஸ்து வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் கடைசி வரி சொல்லவில்லை. கல்லூரிக்கே வந்து ஆளெடுத்த கம்பெனிகளுக்காக வாங்கிய இளநீலச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் ஷூவும் அவனிடம் பழுதில்லாமல் இருக்கின்றன; தியாகராய நகரில் கடை கடையாக ஏறி இறங்கி அவன் அப்பா வாங்கிக் கொடுத்தவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, புதிதாயிருந்தும் வெளுத்துப்போனதாகத் தோன்றும் ஒரு ஜீன்ஸுக்கும், அழுக்குப் பட்டால் கெட்டுப்போகும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கும் அந்த அப்பா மறுபடியும் பணம் புரட்ட வேண்டியதாயிற்று. டை கட்டி வா என்று எழுதியிருந்தால் ஓர் இரவல் டையோடு விவகாரம் முடிந்திருக்கும். மனத்தில் ஒரு சித்திரத்தை வைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லாமல், பிறகு அதைக் கொண்டே ஆளை எடைபோடுகிறவர்கள், அதற்குச் சிநேக பாவம் என்று வேறு பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

புறப்பட்ட அன்று காலையில் வலக்கை இரண்டு, இடக்கை இரண்டு என்று ஒருவாறு சமாதானம் ஏற்பட்டிருந்தது. அவன் அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். வாசலுக்கு எதிரே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் அவன் குனிந்து பார்த்தான். கை நெற்றிக்கு உயர்ந்தது. துடைத்துவிடப் போகிறான் என்றே மாடியிலிருந்து பார்த்த நான் நினைத்தேன். துடைக்கவில்லை, வியர்வையில் கலைந்திருந்ததைச் சரிசெய்துகொண்டு போனான். அதைப் பற்றி மட்டும் அவன் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவேயில்லை.

தரமணிக்குப் போகும் பேருந்தில் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றதில் மடிப்புகள் யாவும் அவிழ்ந்து, இஸ்திரிக்காரரும் தலையணையும் கூடி முயன்றும் வரவழைக்க முடியாத சகஜமான கசங்கலை ஜனநெருக்கடியே இலவசமாக வழங்கிவிட்டதாகக் கேள்வி. நேர்காணல் செய்தவர் சட்டைக்கையைக் கவனித்தாரா என்று விசாரித்தேன். அவர் தம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அதே சட்டையில் போனால் வேறு சட்டையில்லாதவன் என்று நினைப்பார்கள். வேறு சட்டையில் போனால் முன்பு பிடித்துப்போன ஆள் இவன்தானா என்று சந்தேகிப்பார்கள் என்பது இப்போதைய விசாரம். நான் திருச்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லும்படி என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்; அவளோ கால்மணி நேரமாக வாசலில் நின்று அவனோடு காலர் பொத்தானைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறாள்.